சிவக்காத ஆரத்தி

கூட்ஸ் ஷெட் குமாஸ்தாவைத் தேடி வருகிறவர்கள் இரண்டு ரகம். என் சரக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள் ஒரு ரகம். வந்த சரக்கை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று நான் சண்டைக்குப் போனால் கண்ணில் படாமல் ஓடிவிடுகிறவர்கள் இன்னொரு ரகம். எட்டு வருஷ உத்தியோகத்தில் இந்த இரண்டிலும் சேராமல் என் மேஜை முன்னால் வந்து நின்றவள் கண்ணாத்தாள் ஒருத்திதான்.

முப்பத்தைந்தாம் வருஷம் என்று நினைவு. சேலத்துக்கும் ஓமலூருக்கும் நடுவே, சுண்ணாம்புக் கரடு என்கிற குன்றின் அடியில் இருந்த சின்ன ஸ்டேஷனில் எனக்கு வேலை. என் பெயர் சரவணமுத்து. அந்தப் பெயர் சம்பள ரசீதில் மட்டும்தான் இருந்தது, ஊருக்கு நான் குமாஸ்தா. வெயில் ஏறிவிட்டால் அந்தக் கரட்டை நேராகப் பார்க்க முடியாது. செம்மண் நிலத்தின் நடுவில் வெளுத்த வேட்டிகளைக் குவித்து வைத்தாற்போல் கிடக்கும். கானல் எழும்பும்போது கரடே மெல்ல அசைந்து எங்கேயோ புறப்படுகிற மாதிரி இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் பார்த்துக்கொண்டே நான் தூங்கிப் போன நாட்கள் அதிகம். சுண்ணாம்புக் கரடு என்று ஊர் சொன்னாலும் அந்தக் கல் சுண்ணாம்புக் கல் அல்ல. நான் பில்லில் மாக்னசைட் என்று எழுதுவேன். மற்ற எல்லோருக்கும் அது வெள்ளைக்கல்.

கண்ணாத்தாளுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். அவளுக்கும் கணவன் சின்னண்ணனுக்கும் நாலு ஏக்கர் மானாவாரி. இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் மழை ஏமாற்றியதும் அவன் வண்டியையும் மாடுகளையும் கல் ஏற்ற விட்டான். அவள் கல் பொறுக்க வந்தாள். வெட்டிக் கொண்டுவந்து கொட்டுகிற கல்லைச் சின்னச் சுத்தியலால் தட்டி, ஒட்டியிருக்கிற கருங்கல்லை உடைத்துத் தள்ளி, மேல்மண்ணோடு வந்துவிட்ட, சுட்டால் சுண்ணாம்பாகிற சுக்கான்கல்லைப் பிரித்து எறிந்து, சுத்த வெள்ளையை மட்டும் கூடையில் போட வேண்டும். கை வேலை செய்துகொண்டே இருக்கும், அவள் மட்டும் அங்கே இருக்கமாட்டாள். பக்கத்தில் பொறுக்குகிற ஆராயி அவளுக்குக் கனாக்காரி என்று பெயர் வைத்திருந்தாள். வையவும் அந்தப் பெயர்தான், கொஞ்சவும் அதுதான்.

"ஏனுங்க குமாஸ்தாய்யா, இந்தக் கல்லு கடைசியா எங்கீங்க போய் நிக்கும்?"

கல்கத்தா என்றேன். அங்கிருந்து என்றாள் கண்ணாத்தாள். அதற்கும் மேற்கே இரும்பு காய்ச்சுகிற ஊருக்கு என்றேன். அங்கே இதை வைத்து என்ன செய்வார்கள் என்றாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்கிற வழக்கமும் எனக்குக் கிடையாது. வேலை கிடக்கிறது போ என்று விரட்டிவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. மறுநாள் ரயில் கார்டையும், அதற்கு மறுநாள் கல் வாங்க வந்த ஏஜெண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவள் வந்தபோது அப்போதுதான் நினைவு வந்ததுபோல் சொன்னேன்.

"இரும்பு காய்ச்சுற உலைக்கு உள்பக்கம் செங்கல் கட்டணும். நம்ம ஊர் செங்கல்லைக் கட்டினால் இரும்போட சேர்ந்து அதுவும் உருகிடும். இந்தக் கல்லைச் சுட்டு, அரைச்சு, செங்கல்லா ஆக்கிக் கட்டினால் உருகாது. அவ்வளவுதான்."

அவள் கரட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப நாம நெருப்புக்கு ஊடு கட்டக் கல்லுப் பொறுக்கறமுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு அந்த உலைதான் உலகம். நேற்றுக் கனவில் இரும்பு ஆறு போலப் போயிற்று, இரண்டு கரையும் வெள்ளை வெளேரென்று இருந்தது, கரையில் நான் பொறுக்கிய கல் ஒன்று எனக்கு அடையாளம் தெரிந்தது என்பாள். சிரிப்பு வரும். ஆனால் அவளிடமிருந்து அந்தச் சீக்கு என்னையும் தொற்றிக்கொண்டது. மேஜையில் உட்கார்ந்தபடியே சரக்குகளின் பின்னால் போக ஆரம்பித்தேன். கல் சுமக்கும் மூங்கில் கூடைகள் வாழப்பாடியிலிருந்து வண்டியில் வரும். கல்லைச் சுடுகிற நிலக்கரி வடக்கேயிருந்து வரும். கல் அதே தண்டவாளத்தில் வடக்கே போகும். தண்டவாளமே அந்த உலையில் பிறந்ததாக இருக்கலாம். கல் வெட்டுகிற கடப்பாரையின் இரும்பும் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். வாழப்பாடியில் கூடை முடைகிறவன் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால், ஆயிரம் மைலுக்கு அப்பால் யாரோ ஒரு கொத்தன் செங்கல்லுக்குக் காத்திருப்பான். இதற்கெல்லாம் காலேஜில் ஒரு பாடம் இருக்கிறதாம். என் மைத்துனன் இரண்டு தரம் பெயிலான பாடம் அது. அவனை ஒரு வாரம் கண்ணாத்தாளோடு கல் பொறுக்க அனுப்பியிருக்கலாம்.

இந்தச் சமயத்தில் சைபுல்லா சாயபு வந்தார். சேலம் டவுனில் சாக்கும் கயிறும் விற்றவர். கல்லுக்குச் சாக்கு கொடுத்துக் கொடுத்து, பச்சைக் கல்லை விடச் சுட்ட கல்லுக்குத்தான் வடக்கே தேவை என்று கண்டுகொண்டு, கரட்டடியில் ஒரு சூளையைக் குத்தகைக்கு எடுத்தார். இந்தக் கல்லை அரைகுறையாகச் சுட்டால் பிரயோஜனமில்லை. இனித் தண்ணீர் பட்டாலும் அசையாது என்கிற வரையில் சுட வேண்டும். சூளைக்காரர்கள் அதைச் செத்த கல் என்பார்கள். கண்ணாத்தாளும் ஆராயியும் அவருடைய ஆட்களானார்கள். சின்னண்ணனின் வண்டி சூளையிலிருந்து ஸ்டேஷனுக்குச் சாக்குகளைக் கொண்டுவந்தது.

முதல் சுமை போனது. வடக்கே செங்கல் செய்கிறவர்களிடமிருந்து புகார் வந்தது. இரண்டாம் சுமைக்கு வந்த கடிதத்தை நான்தான் சாயபுவுக்குப் படித்துச் சொன்னேன். கல்லில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, அதனால் செங்கல் ஈரக்காற்று பட்டதும் வெடித்து உதிர்கிறது, மூன்றாம் சுமையும் இப்படியே இருந்தால் இனி உங்களிடம் வாங்குவதாக இல்லை. சாயபு கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதுவும் போச்சுன்னா சூளையை அணைச்சிட்டுச் சாக்குக் கடைக்கே போயிர்றேன், குமாஸ்தா" என்றார்.

மூன்றாம் சுமைக்கு எல்லோரும் பயந்து பயந்து பொறுக்கினார்கள். சுமை புறப்படுகிற காலையில் சூளையடியிலேயே மாடுகளுக்குப் பொட்டு வைத்து ஆரத்தி எடுத்து அனுப்புவது என்று முடிவாயிற்று. ஆரத்தி என்றால் கண்ணாத்தாள்தான். அவள் கைராசி அந்தப் பக்கம் பிரசித்தம். கல்யாணமோ காதுகுத்தோ, தட்டு அவள் கைக்குத்தான் போகும். அன்று தட்டில் தண்ணீர் விட்டாள், மஞ்சள் கரைத்தாள், ஒரு விரலளவு வெள்ளையை எடுத்துக் கலக்கினாள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் தண்ணீர் இரத்தமாகச் சிவக்கும், அதுதான் ஆரத்தி. அன்று சிவக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"செவக்கலையே" என்றாள் ஆராயி, மெதுவாகத்தான்.

மாடுகளுக்கு முன்னால் நின்றிருந்த சின்னண்ணன் குனிந்து தட்டைப் பார்த்தான். அவனுடைய அண்ணன் ஏற்காட்டு மலைப்பாதையில் வண்டியோடு உருண்டு செத்தவன். அவன் புறப்பட்ட காலையிலும் வீட்டில் ஏதோ சகுனம் சரியில்லை என்று அவர்கள் இன்றுவரை சொல்வார்கள். அந்தக் குடும்பத்தில் இதெல்லாம் விளையாட்டில்லை. போதும் என்று கையைக் காட்டிவிட்டு வண்டியில் ஏறினான். சுமையை என் ஷெட்டில் இறக்கினான். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மாடுகளை அவிழ்க்காமலே நின்றானாம்.

"நான் அக்கா ஊட்டுக்குப் போறேன்."

"எப்பங்க வருவீங்க?"

"பாக்கலாம், புள்ள."

அக்கா வீடு வாழப்பாடியில். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவள் பிறகு என்னிடம் சொன்னாள். திட்டவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் போனான். அடுத்த வாரம் ஒரு காதுகுத்தில் அவள் வழக்கம்போல் தட்டை எடுக்கப் போக, ஆராயி அதை அவள் கையிலிருந்து வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டாள். நான் அங்கே சாப்பிட உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை, இலையில் இருந்ததைத் தின்றுவிட்டு வந்தேன். அதற்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கண்ணாத்தாள் தன் வீட்டில் விளக்கு வைக்கும்போது, மாடக்குழியின் ஓரத்தில் அவளுடைய சுண்ணாம்பு டப்பி இருந்தது. எப்போதும் அவள் இடுப்பில் இருக்கிற டப்பி. சின்னண்ணன் போனதிலிருந்து வெற்றிலையே போடாததால் அவள் அதைத் தேடவில்லை. திறந்தால், நிரம்பிய சுண்ணாம்பு தொடாமல் காய்ந்து கிடந்தது. சுமை புறப்பட்ட காலை அவள் அதை எடுத்துப் போகவே இல்லை.

அப்படியானால் அன்று அவள் விரல் எதை எடுத்தது? விளக்கு முன்னாலேயே உட்கார்ந்து யோசித்தாள். தான் தட்டோடு சூளை வாயருகே நின்றது, புகையைப் பார்த்துக்கொண்டே மனசு நெருப்பின் வீட்டுக்குள் போய்விட்டது, பக்கத்தில் சுட்ட கல்தூள் குவிந்திருந்தது, விரல் அதைத் தொட்டு எடுத்தது, எல்லாம் நினைவு வந்தது. வேறு யார் செய்தாலும் இது நடக்காது. கனவு கண்டுகொண்டே ஆரத்தி கரைக்க அவளால்தான் முடியும்.

மறுநாள் மூன்று கொட்டாங்குச்சிகளை என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தாள். மூன்றிலும் மஞ்சள் தண்ணீர். ஒன்றில் டப்பியின் சுண்ணாம்பைப் போட்டாள்; சிவந்தது. இரண்டாவதில், புகார் வந்த பழைய சுமைகளில் மிஞ்சிய தூளைப் போட்டாள், அதுவும் சிவந்தது. மூன்றாவதில் மூன்றாம் சுமையின் தூள். மஞ்சளாகவே நின்றது.

"பாருங்க. மூணாஞ்சுமையில சுண்ணாம்பு இல்லீங்க. அதாங்க செவக்கலை. அது சுத்தமான சுமைங்க."

பில் புத்தகத்தில் மஞ்சள் சிந்தியிருந்தது. எனக்கு எரிச்சல்.

"இதை என்கிட்ட ஏன் சொல்றே? வாழப்பாடிக்குப் போய் உன் புருஷன்கிட்டச் சொல்லு" என்றேன்.

அவள் கொட்டாங்குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே கொட்டினாள்.

"நாஞ்சொன்னா தப்பை மறைக்கச் சொல்றேன்னு நெனைப்பாருங்க. கல்லு போன எடத்துலருந்து சொல்லோணும்."

நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு காத்திருப்பைப் பார்த்ததில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால், முகம் தெரியாத மனிதர்கள் அவள் பொறுக்கிய கல்லை அரைத்து, அச்சில் அழுத்தி, சுட்டு, உலையில் கட்டி, நெருப்பு மூட்டிப் பார்த்து, அது நின்றதா உதிர்ந்ததா என்று சொல்ல வேண்டும். அதை வைத்து அவள் புருஷன் வீடு திரும்ப வேண்டும். தினமும் தபால் வண்டி நேரத்தில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் பார்ப்பாள். நானும் பார்ப்பேன்.

சுமை போன ஐம்பத்து மூன்றாம் நாள் கடிதம் வந்தது. செங்கல் நன்றாக நிற்கிறது, இதே தரத்தில் மாதம் இரண்டு வேகன் அனுப்பவும். சாயபு என்னை மூன்று முறை படிக்கச் சொன்னார். கண்ணாத்தாள் கல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கூடை கொண்டுவரும் வண்டிக்காரனிடம் அன்றே வாழப்பாடிக்குச் சொல்லி அனுப்பினாள். அடுத்த வாரம் அதே வண்டிக்காரன் பதில் கொண்டுவந்தான்.

"கல்லு பொழைச்சுது, சந்தோசம். செவக்காதது செவக்காததுதானேன்னு சொல்லச் சொன்னாருங்க."

அன்று கண்ணாத்தாள் கருங்கல்லையும் வெள்ளைக்கல்லையும் ஒரே கூடையில் போட்டிருந்தாள். ஆராயி அந்தக் கூடையை இழுத்துக்கொண்டு போய்த் தானே பிரித்துக் கொடுத்தாள்.

கடிதம் வந்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் பயம் விட்டுப்போயிற்று. கூடைகள் வேகவேகமாக நிரம்பின. நாலாவது சுமைக்கான சூளையைப் பிரித்து, சாக்கில் கட்டி, வேகன் என் ஷெட்டில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிற காலையில், கண்ணாத்தாள் கொட்டாங்குச்சியோடு வந்தாள். தண்ணீர் பளிச்சென்று சிவந்திருந்தது.

"இதை ஏத்தாதீங்க, சாயபு. சுக்கான்கல்லு கலந்திருக்குதுங்க."

"ஊரே செவந்தா நல்லதுன்னு கும்பிடுது, இவளுக்கு மட்டும் செவந்தா கெட்டதா?" என்றாள் ஆராயி. அந்தக் கல்லில் பாதி அவள் பொறுக்கியது. இன்னொரு தடவை எல்லாவற்றையும் பொறுக்க வேண்டுமே என்று மற்றப் பெண்களும் முணுமுணுத்தார்கள். நான் அவர்களையெல்லாம் மிஞ்சிவிட்டேன். வேகனைக் கேட்டு வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மஞ்சள் தண்ணீரைப் பார்த்து ரயில்வே நடக்காது என்று கத்தினேன். கண்ணாத்தாள் என்னைப் பார்க்கவே இல்லை. கொட்டாங்குச்சியை நீட்டியபடி சாயபுவுக்கு முன்னால் நின்றாள். சிவந்தது நல்லது என்று அவள் ஒப்புக்கொண்டால் அன்றே எல்லோரும் அவளோடு பழையபடி பேசுவார்கள். அது அவளுக்கும் தெரியும்.

சாயபு விரலை விட்டுக் கலக்கிப் பார்த்தார்.

"உங்க ஆரத்தி எனக்குத் தெரியாது, தாயி. வந்த லெட்டர் தெரியும்" என்றார். பிறகு ஆட்களைப் பார்த்து, "எறக்குங்கப்பா" என்றார்.

வேகன் காலியாகப் போயிற்று. மேலதிகாரிக்கு நான் எழுதிய சமாதானத்தை இங்கே எழுதினால் மானம் போய்விடும். சாக்குகளைச் சூளைக்குப் பின்னால் வெட்டவெளியில் அடுக்கிவிட்டு, பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு புதுக் கல் பொறுக்க உட்கார்ந்தார்கள்.

பதினோராம் நாள் பிற்பகல் மழை பெய்தது. இரண்டு வருஷத்துக்கும் மேலாக ஏமாற்றிய மழை, கரட்டின் மேல் சாம்பல் நிறத்தில் இறங்கி, ஒரு மணி நேரம் நின்று பெய்தது. மழை விட்டதும் சூளைப் பக்கம் ஆட்கள் கூடியிருந்தார்கள். நானும் போனேன். அடுக்கியிருந்த சாக்குகள் உப்பிக்கொண்டிருந்தன. உள்ளே சுண்ணாம்பு நீறிச் சூடு கிளம்பி, தையல் விட்டு, வெள்ளை மாவு பொங்கி வழிந்தது. பக்கத்தில் மூன்றாம் சுமையில் மிஞ்சிய தூள் மழையில் நனைந்து அப்படியே அசையாமல் கிடந்தது. ஆராயி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது அங்க போயி உலைக்குள்ள இப்பிடிப் பண்ணியிருந்தா?" என்றாள்.

வாழப்பாடிக் கூடை வண்டிக்காரன் அங்கேதான் நின்றிருந்தான். அவன் வாயில் செய்தி எவ்வளவு நேரம் நிற்கும்?

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒவ்வொரு சூளைக்கும் மஞ்சள் தண்ணீர் வைக்காமல் சாயபு மூட்டை கட்டுவதில்லை. யுத்தம் வந்தது, உலைகளுக்குப் பசி கூடியது, கரட்டைச் சுற்றிச் சூளைகளும் கூடின. கண்ணாடிக் குப்பிகளோடு ஒரு கெமிஸ்ட் வந்து சேர்ந்தார். அவருக்கு ஒரு நாள் பிடிக்கிற வேலையைக் கண்ணாத்தாள் வெற்றிலை போடுகிற நேரத்தில் முடித்துவிடுவாள் என்று சாயபு அவரை வம்புக்கு இழுப்பார். அவள் உலையைக் கடைசிவரை பார்க்கவில்லை; ஓமலூர்ச் சந்தையைத் தாண்டியதே அபூர்வம். ஆனால் ஷெட்டில் புதுக் கடப்பாரைக் கட்டு வந்து இறங்கினால் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பாள். "நாம கட்டுன ஊட்டுல பொறந்ததா இருக்கும்" என்பாள். இருக்கலாம் என்பேன். அதை மறுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

எனக்கு அடிக்கடி நினைவு வருவது அந்த மழைக்குப் பின் மூன்றாம் நாள் சாயங்காலம்தான். சாயபு பார்க்கக் கேட்டிருந்த சுட்ட கல்தூள் பொட்டலத்தை வாங்க அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. சின்னண்ணன் இறங்கினான். முழங்கால் வரைக்கும் வெள்ளைச் சேறு. நேராகச் சூளைக்குப் போய் வெடித்த சாக்குகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்று தெரிந்தது. வாசலுக்கு வந்தவன் உள்ளே வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

கண்ணாத்தாள் உள்ளே போனாள். தட்டோடு வந்தாள். தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, என் பொட்டலத்தைப் பிரித்து அதிலிருந்து ஒரு விரல் எடுத்துக் கலக்கினாள். எங்கே கை வைக்கிறோம் என்று அவள் பார்த்துச் செய்தது அன்றைக்குத்தான்.

"நல்லாப் பாத்துக்கங்க. அப்பறம் சொல்லக்கூடாது" என்றாள். குரல் கடுமையாகத்தான் இருந்தது.

அவன் பார்த்தான்.

"எந்தக் கல்லு?"

"நேத்து பிரிச்ச சூளைங்க."

"செவக்கலை" என்றான்.

"செவக்காதுங்க."

அவன் மறுபடியும் குனிந்து தட்டைப் பார்த்தான். சாயங்கால வெயிலில் தண்ணீர் சுத்த மஞ்சளாக இருந்தது. தலையைத் தாழ்த்திக் காட்டினான். அவள் மூன்று முறை சுற்றி, அந்த மஞ்சளையே விரலால் தொட்டு அவன் நெற்றியில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது, பொட்டலத்தை மடிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

தண்ணீரை வண்டிச் சக்கரத்தின் முன்னால் கொட்டிவிட்டு அவள் உள்ளே போனாள். அவன் மாடுகளை அவிழ்த்துக் கட்டினான்.